தோளில் போட்ட கை: ஒரு பக்கம் சிஐடி, மறுபக்கம் அக்ரஹாரம்! கடையத்தில் பாரதி வாழ்ந்த 2 ஆண்டுகள்

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும். 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் வயலும் தென்னந்தோப்பும் குளமுமாக மொத்த ஊரும் கீழே விரிந்து கிடக்கும். சாரல் நேரம் என்றால் அதுவும் தெரியாது, வெள்ளையாக மூடிக்கொள்ளும். சில கிலோமீட்டர் தள்ளி செங்கோட்டை. அடுத்து குற்றாலம், தென்காசி. மலையை ஒட்டியே இன்னும் தெற்கே போனால் கடையம்.

இந்த மலையடிவாரத்துக்கும் மகாகவி பாரதியாருக்கும் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று செங்கோட்டையில் விழுந்தது. அது அவரைச் சுற்றியிருந்த போலீஸ் வளையத்தை இறுக்கியது. இன்னொன்று கடையத்தில் விழுந்தது. அது அவருடைய கல்யாணம். கடைசியில் இரண்டும் ஒரே தெருவில் வந்து சேர்ந்தன. 1918 டிசம்பரில் இருந்து 1920 நவம்பர் வரை பாரதி கடையத்தில் வாழ்ந்தார். எழுதினால் போலீஸிடம் காட்டணும். மனைவியோடு சேர்ந்து நடந்தால் ஊர் பேசும். அப்படி ஒரு வாழ்க்கை.

காதலைப் பார்த்து அரசுக்கு என்ன பயம்?

'டிஸ்டோபியா' என்ற வார்த்தை இப்போது சினிமா விமர்சனம், வெப் சீரிஸ் என எல்லா இடத்திலும் அடிபடுகிறது. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரே மாதிரி யோசிக்கணும், மீறினால் தண்டனை என்று நடக்கும் கற்பனைச் சமூகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ரஷ்ய எழுத்தாளர் சம்யாதின் 1920-21 வாக்கில் எழுதிய 'நாம்' நாவலில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வீட்டுச் சுவர் முழுக்க கண்ணாடி. யாரோடு யார் தனிமையில் இருக்கலாம் என்பதற்குக்கூட அரசு சீட்டு வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் வின்ஸ்டன், ஜூலியா என்ற இருவர் ஒளிந்து காதலிப்பதே அரசுக்கு எதிரான குற்றமாகிவிடும். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைத்த பிறகுதான் அந்த அரசு அவர்களை விடுகிறது. இந்த ஆர்வெல் பிறந்தது நம்ம நாட்டில், பிகாரின் மோதிஹாரியில். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தார். ஆளைக் கண்காணிக்கும் அரசை அவர் உள்ளே இருந்தே பார்த்தவர்.

இந்த நாவல்கள் எல்லாவற்றிலும் ஆட்சியாளர்களுக்குப் பொதுவான ஒரு பயம் இருக்கும். இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற அன்பு யாருடைய கணக்குக்குள்ளும் வராது. அதனாலேயே அது ஆபத்து.

சம்யாதின் தன் நாவலை எழுதிக்கொண்டிருந்த 1920-ல் பாரதி கடையத்தில் இருந்தார். அங்கே கண்ணாடிச் சுவர் இல்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. திண்ணைகளே போதுமானதாக இருந்தன.

14 வயது மாப்பிள்ளை, 7 வயது பெண்

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். சின்ன வயதிலேயே அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். 11 வயதில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் முன்னிலையில் 'பாரதி' பட்டம் கிடைத்தது. 1897-ல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14 வயது, பெண்ணுக்கு 7 வயது. அந்தக் காலத்தில் இது யாரும் புருவம் உயர்த்தாத விஷயம். ஊர் விதித்த வழியில் அப்படியே நடந்த கல்யாணம் அது. காதல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அடுத்த வருஷமே அப்பா சின்னசாமி ஐயர் காலமானார். பாரதி காசிக்குப் போனார். குடுமி போய் கிராப்பு வந்தது, மீசை வந்தது, தலைப்பாகை வந்தது. திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்ச காலம் வேலை. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்குப் போய் ஜி.சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்தார்.

இந்த சுப்பிரமணிய ஐயர் யார் என்பது முக்கியம். 'தி இந்து' நாளிதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். சின்ன வயதிலேயே விதவையான தன் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்து வைத்தவர். அதற்காக சொந்தச் சமூகத்தின் கோபத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர். ஊருக்குப் பயப்படாமல் ஒரு மனுஷன் வாழ முடியும் என்பதை பாரதி முதலில் பக்கத்தில் இருந்து பார்த்தது இவரிடம்தான்.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போன பாரதி, சகோதரி நிவேதிதாவைச் சந்தித்ததும் இந்தக் காலத்தில்தான். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டார். பொது இடத்துக்கு மனைவியைக் கூட்டி வரும் வழக்கம் தங்களிடம் இல்லை என்பதுபோல பாரதி சமாளித்தார். நாட்டில் பாதிப் பேரை அடைத்து வைத்துவிட்டு சுதந்திரம் கேட்பது எப்படி என்று அந்த அம்மையார் மடக்கினார். பாரதிக்கு அது சுருக்கென்று தைத்தது. தன் முதல் பாட்டுப் புத்தகமான 'சுதேச கீதங்கள்' நூலை 1908-ல் நிவேதிதாவுக்கே காணிக்கையாக்கினார்.

தோளில் போட்ட அந்தக் கைக்கு ஆரம்பம் இதுதான்.

செங்கோட்டையில் விழுந்த முடிச்சு

1908 மார்ச்சில் வ.உ.சி கைதானார். திருநெல்வேலி கொந்தளித்தது. பாரதி நடத்திய 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு. சட்டப்படி அதன் வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். சீனிவாசன் உள்ளே, பாரதி வெளியே என்ற விமர்சனம் அப்போதும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை.

'இந்தியா' புதுச்சேரியில் இருந்து மறுபடி வந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வராதபடி தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்றுபோனது.

அடுத்த ஆண்டு, 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அதே இடத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டார். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். செங்கோட்டை, தென்காசி பக்கத்து இளைஞர்கள் பலர் கைதானார்கள். வாஞ்சியின் இளம் மனைவி பொன்னம்மாள் ஒரே நாளில் விதவையானார். தேசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் பட்டியல் நமக்கு மனப்பாடம். வீட்டில் மிச்சமிருந்தவர்கள் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

ஆஷ் கொலை வழக்கில் பாரதி மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனா, போலீஸ் பார்வை புதுச்சேரி மீது குவிந்தது. பிரிட்டிஷ் உளவாளிகள் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினார்கள். தபால் பிரிக்கப்பட்டது. யார் வருகிறார், யார் போகிறார் என்று குறிப்பு எடுத்தார்கள். வ.வே.சு.ஐயர் வீட்டுக் கிணற்றில் சதிக் காகிதங்களை ஜாடியில் வைத்து யாரோ போட்டார்கள். ஒளிக்காமல் பிரெஞ்சு போலீஸிடம் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்ததால் தப்பித்தார்கள்.

சென்னையில் பத்திரிகை அலுவலகம், கடற்கரைக் கூட்டம் என்று சுற்றியவருக்குப் புதுச்சேரியில் சில தெருக்களே உலகமானது. அப்படி 10 ஆண்டுகள். 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் இந்த அடைப்புக்குள் இருந்து வந்தவைதான். நெருக்கடிதான் நல்ல இலக்கியம் தரும் என்று இதை வைத்துச் சிலர் சொல்வதுண்டு. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாவிடம் அதைச் சொல்லியிருக்க முடியுமா என்பது வேற விஷயம்.

24 நாள் சிறை, ஒரு கையெழுத்து

1918 நவம்பர் 11-ல் முதல் உலகப் போர் முடிந்தது. இனி பயமில்லை என்று நினைத்திருக்கலாம். நவம்பர் 20-ல் பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது. போர்க்காலத்துக்குப் போட்ட சட்டத்தை, போர் முடிந்து 9 நாள் கழித்து அவர் மீது பாய்ச்சினார்கள்.

கடலூர் சிறையில் 24 நாள். அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ஏ.ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் அவருக்காகப் பேசினார்கள். டிசம்பர் 14-ல் விடுதலை. ஆனா அது நிபந்தனையோடு வந்த விடுதலை. திருநெல்வேலி மாவட்டம் போல அரசு குறிக்கும் பகுதியில்தான் வசிக்க வேண்டும். அரசியலில் தலையிடக் கூடாது. எழுதுவது எதையும் சிஐடி டிஐஜியிடம் காட்டி அனுமதி வாங்காமல் வெளியிடக் கூடாது. பாரதி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சுதந்திரத்தையே பாடிக்கொண்டிருந்த மனுஷன் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்து போடலாமா? இந்தக் கேள்வியை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். 10 வருஷம் கண்காணிப்பு, உடைந்த உடம்பு, இரண்டு பெண் குழந்தைகள். ஒரு கவிஞனைக் கொல்வதை விட, எழுதியதை எல்லாம் முதலில் போலீஸ் படிக்கும் என்று சொல்லிவிடுவது அரசுக்கு மலிவான வழி. அப்படிச் சொல்லிவிட்டால் பேனாவை எடுக்கும்போதே அந்த அதிகாரியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். '1984' நாவலின் கண்காணிப்புத் திரை செய்வதும் அதேதான்.

சிறையில் இருந்து பாரதி வந்து சேர்ந்த ஊர் கடையம். மாமியார் ஊர்.

கடையத்துத் தெருவில்...

தென்காசியில் இருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், பொதிகை மலைச் சாரலில் இருக்கிறது கடையம். ஊருக்கு வெளியே வில்வவனநாதர், நித்யகல்யாணி அம்மன் கோயில். பின்னால் மலை. அந்தப் பக்கம் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாடுவது பாரதியின் வழக்கம்.

ஊருக்குள்தான் பிரச்சினை. பூணூல், குடுமி, ஆசாரம் எதிலும் அவர் ஊரோடு ஒத்துப்போகவில்லை. எல்லா சாதிக்காரர்களோடும் பழகினார், சாப்பிட்டார். கழுதைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார் என்ற கதை அந்த ஊரில் இன்னும் சொல்லப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் பொட்டல்புதூருக்குப் போய், 1920-ல் இஸ்லாம் மார்க்கத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். அக்ரஹாரம் அவரை ஒதுக்கி வைத்தது.

இத்தனையையும்விட ஊரை அதிகம் உறுத்தியது இன்னொன்று. கடையத்துக் கதைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் அதுதான். செல்லம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு பாரதி பட்டப்பகலில் தெருவில் நடந்தார். தாலி கட்டிய மனைவி, பல வருஷம் குடித்தனம் செய்தவர். ஆனாலும் புருஷனுக்குச் சில அடி பின்னால்தான் பெண் நடக்க வேண்டும் என்பது தெருவின் சட்டம். சிரித்தார்கள். ஜாடை பேசினார்கள். பைத்தியம் என்றார்கள்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு 'அலர்' ஞாபகம் வரும். தலைவனும் தலைவியும் கல்யாணத்துக்கு முன் காதலிப்பதை ஊர் கூடிக் கிசுகிசுப்பதுதான் அலர். கல்யாணம் ஆனால் அலர் அடங்கிவிடும் என்பது அகப்பாடல்களின் கணக்கு. கடையத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். ஊரே பார்த்துப் பண்ணி வைத்த கல்யாணம். அது காதலாக மாறியபோதுதான் அலர் கிளம்பியது.

இன்னொன்றையும் கவனிக்கணும். ஆர்வெல்லின் கதையில் அரசும் சமூகமும் ஒரே இயந்திரம். கடையத்தில் அப்படி இல்லை. அக்ரஹாரத்துக்கு யாரும் சர்க்குலர் அனுப்பவில்லை. பாரதி யாரோடு சாப்பிடுகிறார், யார் தோளில் கை போடுகிறார் என்பது பற்றி சிஐடிக்குக் கவலை இல்லை. அவர் என்ன எழுதுகிறார் என்பது பற்றி திண்ணைக்குக் கவலை இல்லை. இரண்டும் தனித்தனியாக வேலை செய்தன. ஆனா நடுவில் மாட்டியவர் ஒருவர்தான். எழுத்தில் அடங்கு என்றது ஒன்று, வீட்டில் அடங்கு என்றது இன்னொன்று. போலீஸுக்கு அவர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். தெருவுக்கு மட்டும் கடைசி வரை போட்டுக்கொடுக்கவில்லை.

செல்லம்மா பக்கத்தில் இருந்து பார்த்தால்?

இந்தக் கதையை வீரக் கதையாகவே சொல்லி முடித்துவிடலாம். ஆனா செல்லம்மா பக்கத்தில் இருந்து பார்த்தால் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

பாரதிக்கு அது மாமியார் ஊர். பிடிக்கவில்லை என்றால் கோயில் பாறைக்குப் போய்விடலாம். செல்லம்மாவுக்கு அது பிறந்த ஊர். அம்மா வீடு, அண்ணன் தம்பி, சித்தி, அத்தை, சின்ன வயதில் கூட விளையாடியவர்கள் எல்லோரும் அதே தெருவில். தண்ணீர் எடுக்கப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் போகணும். தோளில் கை விழுந்தபோது அந்தத் தோள் கூசியிருக்கும். கல்யாண வயதில் மகள்கள் வேற. ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்தில் யார் சம்பந்தம் பேச வருவார்கள் என்ற கவலை எந்தத் தாய்க்கும் இருக்கும்.

பெண் விடுதலை என்பதை அவர் செல்லம்மாவிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவில்லை. தனக்குச் சரி என்று பட்டதை மனைவியின் மீதும் சேர்த்துச் செய்தார். அவர் எடுத்த ஒவ்வொரு சுதந்திரத்துக்கும் பாதி பில் செல்லம்மா பெயருக்கு வந்தது. பிற்காலத்தில் செல்லம்மா சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய 'பாரதியார் சரித்திரம்' நூலில் இந்தக் கஷ்டம் மறைக்கப்படாமல் இருக்கிறது. அதே நூலில் கணவர் மீதான மரியாதையும் துளி குறையாமல் இருக்கிறது. இரண்டையும் ஒருவரே சொல்வதுதான் அந்த நூலை இன்றும் படிக்க வைக்கிறது.

40 புத்தகங்கள், ஒரு முடியாத கதை

கடையத்தில் பாரதி சும்மா இருக்கவில்லை. 1920-ல் ஒரு பெரிய பதிப்புத் திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொன்றும் 10,000 பிரதி. அன்றைய தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. ஆனாலும் நம்பிக்கையோடு நண்பர்களிடம் கடன் கேட்டு அறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. எட்டயபுரம் ஜமீனுக்கும் கவிதையிலேயே விண்ணப்பம் எழுதிப் பார்த்தார். அங்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் காலத்தை ஒட்டி அவர் எழுதத் தொடங்கிய நாவல்தான் 'சந்திரிகையின் கதை'. கதை நடக்கும் கிராமம் பொதிகை மலைச் சாரலில். பூகம்பத்தில் குடும்பமே அழிந்துபோக, விசாலாட்சி என்ற இளம் விதவையும் கைக்குழந்தை சந்திரிகையும் பிழைக்கிறார்கள். விசாலாட்சி மறுமணம் செய்துகொள்வதுதான் கதையின் பெரும்பகுதி. ஜி.சுப்பிரமணிய ஐயரும் ஆந்திரச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவும் அதில் பாத்திரங்களாகவே வருகிறார்கள். தன்னைப் பார்த்துச் சிரித்த மலையடிவார கிராமத்தையே களமாக வைத்து, அங்கே ஒரு விதவைக்கு வாழ்க்கை கிடைக்க வைத்தார். ஆனா அந்த நாவல் முடியவில்லை.

1920-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நவம்பரில் சென்னைக்குத் திரும்பி மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டதில் காயம். அதில் இருந்து தேறி மேடை ஏறிப் பேசவும் செய்தார். பிறகு வயிற்றுக்கடுப்பு. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி, 12-ம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 38. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் 20 பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது பிறகு பலர் பதிவு செய்த செய்தி.

செல்லம்மாவுக்கு அப்போது 31 வயது. துக்கம் தீரும் முன்பே அவர் செய்த காரியம், கணவரின் பாட்டுகளை அச்சுக்குக் கொண்டுபோனது. 1922-ல் 'சுதேச கீதங்கள்' அவர் முயற்சியில் வெளிவந்தது. 40 புத்தகத் திட்டத்துக்கு யாரும் பணம் தராத நாட்டில், கையில் ஒன்றுமில்லாத ஒரு விதவை தொடங்கிய வேலை அது.

பாரதி இறந்து 7 ஆண்டுகள் கழித்தும் அரசுக்கு அவர் மீது பயம் போகவில்லை. 1928-ல் அவருடைய பாட்டுப் புத்தகங்களை சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் எதிர்த்துப் பேசினார். எதிர்ப்பு வலுத்து தடை விலகியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல் பாரதி படைப்புகளின் உரிமையை அரசே வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. லண்டனில் ஆர்வெல்லின் '1984' வெளியானதும் அதே 1949-ல்தான்.

செல்லம்மா 1955-ல் காலமானார். கடையத்தில் 2022-ல் சிலை வைத்தார்கள். பாரதியைத் தனியாக வைக்கவில்லை. செல்லம்மாவும் கூடவே இருக்கிறார்.